மலாயும் காசியும் ஒரே குடும்பமா? ஒப்பீடு, இடறும் இடங்கள்

தேன்மழை:
இங்கே காசி என்பது மேகாலயாவின் காசி மலைகளில் பேசும் மொழி, வாரணாசி அல்ல. அதையும் மலாயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல ஒற்றுமைகள் தெரிகின்றன. கண்ணுக்கு மலாயில் "மாத்தா", காசியில் "க்ஹ்மத்". எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை இரண்டிலும் உண்டு. வினைச்சொல் காலத்துக்காக உருமாறுவதில்லை. எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே, எண்ணப்படுவது ஆளா பொருளா என்று காட்டும் ஒரு வகைச்சொல் வருகிறது. முன்னொட்டு சேர்த்துப் புதுச்சொல் ஆக்குகிறார்கள். எழுத்தும் இரண்டுக்கும் ரோமன்தான். இவ்வளவும் பொருந்தினால் ஒரே குடும்பம் எனலாமா? தமிழ் தெரிந்தவர் கற்கப் போனால் எது எங்கே இடறும்?

வேர்ச்சொல்:
ஒரே குடும்பம் அல்ல. காசி ஆஸ்திரோ ஆசியக் குடும்பம்: வியட்நாமியம், கெமர், மோன், சந்தாலி, முண்டாரி, நிக்கோபார் மொழிகள் அதன் உறவினர். மலாய் ஆஸ்திரோனேசியக் குடும்பம்: தகலாகு, ஜாவானியம், மடகாஸ்கரின் மலகாசி, ஹவாயியன், தைவான் பழங்குடி மொழிகள் அதன் உறவினர்.

நீங்கள் சொன்ன ஒற்றுமைகளில் வரிசை, வகைச்சொல், உருமாறாத வினை ஆகியவை உறவைக் காட்டுவதில்லை. சீனத்திலும் தாய்லாந்தின் தாய் மொழியிலும் இவை மூன்றும் உண்டு. ரோமன் எழுத்து பிற்காலத்தில் வந்த சட்டை. மிஞ்சுவது "மாத்தா/க்ஹ்மத்" ஒன்றுதான். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

காசியில் உடலுறுப்புப் பெயர்கள் சிலவற்றின் முன்னால் ஒரு க் அல்லது க்ஹ் ஒட்டிக்கொண்டிருக்கும். கண் க்ஹ்மத், மூக்கு க்ஹ்முத், கை க்தி. அந்த முன்னொட்டைக் கழற்றிவிட்டு வியட்நாமியத்தோடு வையுங்கள்: கண் "மத்", மூக்கு "முய்", கை "தாய்". மூன்றும் வரிசையாகப் பொருந்துகின்றன. அதே மூன்றையும் மலாயோடு வையுங்கள்: மாத்தா, ஹீடுங், தாஙான். முதலாவது மட்டும் பொருந்துகிறது, மற்ற இரண்டும் எட்டாத தூரம். காது (மலாய் தெலிஙா, காசி ஷ்கோர்), பல் (கீகி, ப்னியாத்) என்று போனாலும் அதே கதைதான்.

தேன்மழை:
அந்த ஒன்று மட்டும் எப்படிப் பொருந்துகிறது?

வேர்ச்சொல்:
மலாய்ச் சொல்லின் பழைய உருவத்தைப் பார்த்தால் பொருத்தம் தளர்ந்துவிடும். தைவானின் பைவான் மொழியில் கண் "மாட்ஸா" போல ஒலிக்கும். இந்தக் குடும்பம் முழுவதற்கும் மூலமாகக் கருதப்படும் மூல ஆஸ்திரோனேசியத்தில் நடுவில் இருந்தது த் அல்ல, ட்ஸ் போன்ற ஒலி. அது தைவானை விட்டுத் தெற்கே வந்த கிளையில் த் ஆயிற்று. அதனால்தான் மலாயிலும் தகலாகிலும் "மாத்தா". ஹவாயியனில் அந்த த் மேலும் க் ஆகி "மாக்கா" ஆயிற்று. காசியின் த் இந்த மாற்றத்தோடு தொடர்பே இல்லாமல் முதலிலிருந்தே த்.

உறவை முடிவு செய்ய ஒரு சொல் போதாது. ஓர் ஒலிக்கு எதிரில் இன்ன ஒலி என்ற விதி பல சொற்களில் திரும்பத் திரும்ப வர வேண்டும். இரண்டு என்ற எண் காசியில் "ஆர்", சந்தாலியில் "பார்", வியட்நாமியத்தில் "ஹாய்". மூன்றும் ஒரே வேர், காசியில் தொடக்க மெய் விழுந்துவிட்டது. மலாய் "டுவா"வுக்கு இணை ஹவாயியனின் "லுவா", மலகாசியின் "ருவா". இரண்டு வரிசைகளும் தனித்தனிக் குடும்பப் படங்கள்.

கடலோடி:
ஆனால் ஆஸ்திரிக் என்று ஒரு பெருங்குடும்பம் சொல்கிறார்களே. அதில் இரண்டும் சேர்ந்துவிடும் அல்லவா?

வேர்ச்சொல்:
1906-இல் வில்ஹெல்ம் ஷ்மிட் முன்வைத்த கருதுகோள் அது. அதற்கு முன் 1904-இல் காசியின் ஒலியமைப்பை ஆராய்ந்து எழுதியவரும் அவரே. கருதுகோளுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் வலுவானது சொற்கள் அல்ல, ஒட்டுகள்: "செய்யவை" என்ற பொருளில் ப-வில் தொடங்கும் முன்னொட்டு, சொல்லின் வயிற்றுக்குள் நுழையும் இடையொட்டுகள். நிக்கோபார் மொழியின் ஒட்டுகளை வைத்து லாரன்ஸ் ரீட் 1994-இல் இந்த வாதத்தைப் புதுப்பித்தார். ஒட்டுகள் ஓரிரு ஒலி நீளமே உள்ளவை, தற்செயலாகப் பொருந்த வாய்ப்பு அதிகம். அடிப்படைச் சொற்களில் ஒலிவிதி கிடைக்காததால் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நிரூபிக்கப்படாத கருதுகோள் என்ற இடத்தில்தான் அது இருக்கிறது.

மலேசியாவில் காசிக்கு உறவைத் தேடுபவர்கள் மலாய்க்காரர்களிடம் அல்ல, பழங்குடிகளான ஒராங் அஸ்லி மக்களிடம் தேட வேண்டும். பேராக், பகாங் பக்கத்து செமாய், பேராக், கிளந்தான் பக்கத்து தெமியார் இரண்டும் ஆஸ்திரோ ஆசிய மொழிகள். செமாயில் கண் "மத்" தான். தீபகற்பத்துக்கு மலாய் வருமுன்பே இருந்த மொழிகள் இவை என்று கருதப்படுகிறது.

பினாங்குச்செல்வி:
உறவு இருக்கட்டும், கடன் சொற்களையும் முதலில் சலித்து எடுத்துவிட வேண்டும். செய்தி என்பதற்கு மலாயில் "காபார்", காசியில் "க்ஹுபோர்". இதை யாராவது சான்றாகக் காட்டினால் ஏமாறாதீர்கள். இரண்டும் அரபியிலிருந்து வெவ்வேறு வழியாக வந்தவை, காசிக்கு வங்காளப் பக்கமாக வந்தது. அதேபோல மலாயின் கெடாய், காத்தில், காப்பால், பெத்தி, மோடால் எல்லாம் நம் கடை, கட்டில், கப்பல், பெட்டி, முதல். அதனால் மலாய் திராவிட மொழி ஆகிவிடாது.

மலைமுகில்:
இலக்கணத்துக்கு வருகிறேன். ஒரே வாக்கியத்தை இரண்டிலும் பிரித்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். "பையன் வீட்டில் சோறு சாப்பிடுகிறான்."

மலாய்: பூடாக் ஈத்து மாக்கான் நாசி டி ரூமாஹ்.
காசி: உ க்ஹின்னாஹ் உ பாம் ஜா ஹா யிங்.

காசியில் "உ" இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். முதல் உ பெயரின் முன், பையன் ஆண் என்று சொல்ல. இரண்டாவது உ வினையின் முன், எழுவாயோடு இசைய. சிறுமி என்றால் "கா க்ஹின்னாஹ் கா பாம் ஜா", பிள்ளைகள் என்றால் "கீ க்ஹின்னாஹ் கீ பாம் ஜா". நாம் "சாப்பிடுகிறான், சாப்பிடுகிறாள், சாப்பிடுகிறார்கள்" என்று வினையின் வாலில் காட்டுவதை அவர்கள் வினையின் தலையில் காட்டுகிறார்கள். மலாயில் இது கிடையவே கிடையாது. "டியா" என்றால் அவனும் அவளும்தான். மலாய் தெரிந்தவர்கள் காசி பேசும்போது செய்யும் முதல் பிழை இந்த இரண்டாவது உ-வை விழுங்கிவிடுவது. "உ க்ஹின்னாஹ் பாம் ஜா" என்றால் வாக்கியம் முறிந்து நிற்கும்.

பால் பகுப்பு உயிரற்றவைக்கும் உண்டு. சூரியன் "கா ஸ்ஙி", பெண். நிலா "உ ப்னாய்", ஆண். மலை "உ லும்", ஆறு "கா வாஹ்". ஏன் என்று பொது விதி தேடிப் பயனில்லை, சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். பசு "கா மாசி", காளை "உ மாசி" என்று மாற்றினால் பொருள் மாறும் இடங்கள் எளிது. உ, கா, கீ தவிர "ஈ" என்று நான்காவது ஒன்று உண்டு. சிறியது, அன்புக்குரியது என்று காட்ட. அம்மாவை "ஈ மேய்", அப்பாவை "ஈ பா" என்பது அந்த அன்பில்தான்.

ஒரு துணைச்செய்தி: இதெல்லாம் சோரா (சிரபுஞ்சி) வட்டாரத்தை ஒட்டிய எழுத்துக்காசி. ஜெயந்தியா மலையின் ப்னார் மொழியில் வினை முதலில் வரும், எழுவாய் பின்னால் வரும். ஆக "காசி மொழிகள் எல்லாம் எழுவாய் முதல்" என்று பொதுவாகச் சொல்லக் கூடாது.

தேன்மழை:
சோற்றுக்கு "ஜா" என்கிறீர்கள். அரிசிக்கும் அதுதானா?

மலைமுகில்:
இல்லை. நெல் "க்பா", அரிசி "க்ஹாவ்", சோறு "ஜா". மலாயில் பாடி, பெராஸ், நாசி. வேர்கள் வேறு, ஆனால் வயலில், மூட்டையில், தட்டில் என்று மூன்று பெயர் வைப்பது மூவருக்கும் பொது. இங்கே தமிழர் தடுமாற மாட்டார், ஆங்கிலம் வழியாகக் கற்கிறவர்தான் தடுமாறுவார்.

ஒலியன்:
எழுத்தைப் பற்றி எச்சரிக்கை. இரண்டும் ரோமன் என்பதால் ஒரே ஒலி என்று படித்தால் தவறும். நான்கு இடங்கள்.

சொல்லின் கடைசியில் ஹெச். மலாய் "ரூமாஹ்" என்பதில் உண்மையிலேயே மூச்சு வெளியேறும். காசி "டிஹ்" (குடி) என்பதில் மூச்சு வராது, தொண்டை சட்டென்று அடைபடும். மலாயில் அந்த அடைப்பு கே எழுத்தில் ஒளிந்திருக்கிறது: "தீடாக்", "ஆனாக்" கடைசியில் மலேசிய உச்சரிப்பில் க் கேட்காது, அடைப்புதான் கேட்கும்.

கே ஹெச் சேர்க்கை. காசியில் அது இந்தியின் மூச்சுள்ள க. மலாயில் அரபுச் சொற்களில் மட்டும் வரும், தொண்டையில் உரசும் ஒலி. தமிழில் இரண்டுமே இல்லை, ஆகவே காசியில் ப, ப்ஹ, க, க்ஹ வேறுபாட்டைக் காதுக்குப் பழக்குவது நமக்குக் கொஞ்சம் உழைப்பு.

ஒய் எழுத்து. மலாயில் அது யகரம். காசியில் பெரும்பாலும் உயிர், நம் குற்றியலுகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மங்கலான ஒலி. இந்த இழையில் அதை இகரமாக எழுதுகிறோம், வேறு வழியில்லை.

நான்காவது மலாயின் ஈ எழுத்து. ஒரே எழுத்து இரண்டு ஒலிகளுக்கு. "செபாக்" என்பதை எகரமாகச் சொன்னால் உதை, மங்கலான உயிராகச் சொன்னால் கன்னத்தில் விடும் அறை. "பெராங்" ஒரு ஒலியில் போர், இன்னொன்றில் பழுப்பு நிறம். எழுத்தில் வேறுபாடு கிடையாது, சொல்லைக் கேட்டுத்தான் தெரியும்.

காசி எழுத்துமுறையின் மூலம் தெரிந்தால் பாதி மர்மம் தீரும். 1841-இல் சோராவுக்கு வந்த வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் தாமஸ் ஜோன்ஸ் அமைத்தது அது. ஒய்-யை உயிராக எழுதுவது வேல்ஸ் வழக்கம். அகரவரிசையில் கே மூன்றாவதாக, பி-க்கு அடுத்து வரும், ஏனென்றால் சி நீக்கப்பட்ட இடத்தில் அது உட்கார்ந்தது. காசி அகராதியில் கே-யை ஜே-க்குப் பிறகு தேடினால் கிடைக்காது. அதற்கு முன் செராம்பூர்ப் பாதிரிமார் வங்காள எழுத்தில் முயன்றார்கள், அது நிலைக்கவில்லை.

மலாயின் கதை நீளமானது. சுமாத்திராவின் பாலெம்பாங் அருகே கிடைத்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு 683-ஆம் ஆண்டு, பழைய மலாய், எழுத்து பல்லவ எழுத்து. அதன்பின் அரபு அடிப்படையிலான ஜாவி, பிறகு ரோமன். மலேசியாவும் இந்தோனேசியாவும் எழுத்துக்கூட்டலை ஒன்றாக்கியது 1972-இல்.

கடலோடி:
முன்னொட்டு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் உறவு இருப்பதாகவே படுகிறது. இரண்டிலும் வேருக்கு முன்னால் ஒட்டுகிறார்கள்.

பினாங்குச்செல்வி:
ஒட்டும் விதத்தைப் பாருங்கள் கடலோடி. காசியில் ஒட்டு மாறாது, வேரும் மாறாது. பாம் (சாப்பிடு), ஜிங்பாம் (உணவு). ஹிகாய் (கற்பி), நொங்ஹிகாய் (ஆசிரியர்), ஜிங்ஹிகாய் (பாடம்). யாப் (சா), பின்யாப் (கொல்). பின்னொட்டு என்பது கிட்டத்தட்டக் கிடையாது. அகராதி பார்க்க ஜிங், நொங், பின் மூன்றையும் உரித்தால் வேர் கையில்.

மலாயில் முன், பின், இருபுறமும் சூழ்வது, நடுவில் நுழைவது எல்லாம் உண்டு. மாக்கான், மாக்கானான் (உணவு), பெமாக்கான் (தின்னி). பெனார், கெபெனாரான் (உண்மை). தூன்ஜுக் (காட்டு), தெலுன்ஜுக் (சுட்டுவிரல்). அதைவிட முக்கியம், ஒட்டும்போது வேரின் முதல் மெய் கரையும். தூலிஸ் மெனூலிஸ் ஆகும், பூக்குல் மெமூக்குல் ஆகும், சாப்பு மெஞாப்பு ஆகும், கீரிம் மெஙீரிம் ஆகும். மலாய் அகராதிகளில் சொல் வேரின் கீழேதான் இருக்கும். ஆகவே பின்னோக்கி உரிக்கத் தெரிய வேண்டும்:

மெம் + உயிர் வந்தால் ப-வில் தேடுங்கள். மென் + உயிர் என்றால் த. மெஞ் + உயிர் என்றால் ச. மெங் + உயிர் என்றால் முதலில் க, இல்லாவிட்டால் உயிரெழுத்திலேயே (மெஙாம்பில், வேர் ஆம்பில்). மெம்பாச்சா, மென்டெஙார் போல மெய் மிச்சமிருந்தால் சிக்கலே இல்லை, பாச்சா, டெஙார்.

இது தோற்கும் இடம்: வேரே மூக்கொலியில் தொடங்கினால். மெமாசாக் (சமை) என்பதன் வேர் மாசாக், ப-வில் தேடினால் ஆப்பு என்று பொருள்படும் பாசாக் கிடைத்துக் குழப்பும். மெஞாஞி (பாடு) என்பதன் வேர் ஞாஞி, ச-வில் எதுவும் இல்லை. விதிப்படி போனது கிடைக்காவிட்டால் ம, ந, ஞ பக்கம் திரும்புங்கள்.

மலைமுகில்:
காசியில் உரிப்பது எளிது என்று செல்வி சொன்னது பெயர்ச்சொல்லுக்குச் சரி. வினைப் பக்கம் வேறொரு பொறி இருக்கிறது. எதிர்காலக் குறியும் எதிர்மறைக் குறியும் எழுவாய்ச் சொல்லோடு சுருங்கி ஒட்டிவிடும். நான் "ஙா". நான் ...வேன் "ஙான்". நான் ...வதில்லை "ஙாம்". அவள் "கா, கான், காம்". அவன் "உ, உன், உம்". தனிச்சொல் என்று நினைத்து "ஙாம்" என்பதை அகராதியில் தேடுவது புதியவர்களின் வழக்கமான பிழை.

கூடவே "உம்" என்றால் தண்ணீர், "காம்" என்றால் வேலை. "உம் டிஹ் உம்" என்ற மூன்று சொல் வாக்கியத்தின் பொருள் "அவன் தண்ணீர் குடிப்பதில்லை". முதல் உம் "அவன் + இல்லை", கடைசி உம் தண்ணீர். எப்படிப் பிரிப்பது? வினைக்கு முன்னால் இருப்பது சுருக்கம், பின்னால் இருப்பது பொருள். வரிசையைத் தவிர வேறு துணை கிடையாது.

தேன்மழை:
எதிர்மறை மலாயில் பல சொற்களில் வருகிறதே, அதில் காசி எப்படி?

பினாங்குச்செல்வி:
மலாயில் நான்கு: தீடாக், பூக்கான், பெலும், ஜாஙான். தமிழருக்கு இது வரம். "டியா பூக்கான் குரு", அவர் ஆசிரியர் அல்ல. "டியா தீடாக் மாக்கான்", அவர் சாப்பிடவில்லை, சாப்பிடுவதில்லை. பெயரை மறுக்க "அல்ல", வினையை மறுக்க "இல்லை" என்று பழைய இலக்கணப்படி எழுதுகிறவருக்குப் பிழையே வராது. பேச்சுத்தமிழ் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" போடுகிறவர்தான் "தீடாக் குரு" என்று சொல்லிவிடுவார். பெலும் "இன்னும் இல்லை", ஜாஙான் "செய்யாதே".

மலைமுகில்:
காசியில் "இம்" ஒன்றே அடிப்படை. பெயரை மறுக்க அதோடு "டேய்" சேர்ப்பார்கள்: "உம் டேய் உ நொங்ஹிகாய்", அவர் ஆசிரியர் அல்ல. "இன்னும் இல்லை" என்பதற்கு "பாத்" சேரும்: "ஙாம் பாத் பாம்", நான் இன்னும் சாப்பிடவில்லை. செய்யாதே என்பதற்கு மட்டும் தனிச்சொல் "வாத்": "வாத் லெயித்", போகாதே.

கடலோடி:
நாம், நாங்கள் வேறுபாடு இரண்டிலும் உண்டுதானே? தென்கிழக்காசிய மொழிகளில் பொதுவாக உண்டு என்று நினைவு.

வேர்ச்சொல்:
மலாயில் உண்டு: கீத்தா "நாம்", காமி "நாங்கள்". எழுத்துக்காசியில் இல்லை, இரண்டுக்கும் "ஙி" தான். பதிலாகக் காசி முன்னிலையில் பால் பிரிக்கிறது. நெருங்கிய ஆணிடம் "மே", நெருங்கிய பெண்ணிடம் "ப்ஹா", மரியாதைக்கும் பன்மைக்கும் "ப்ஹி". ஐயமிருந்தால் ப்ஹி, நம் "நீங்கள்" போலவே. பெயரோடு ஆண் என்றால் "பாஹ்", பெண் என்றால் "கோங்" சேர்த்து அழைப்பது அண்ணன், அக்கா என்று அழைப்பதற்குச் சமம். மலாய்க்காரர் ஒரு படி மேலே போய் முன்னிலைச் சொல்லையே தவிர்த்து "ஆபாங்", "காக்காக்", "பாக்சிக்" என்று உறவுப்பெயரையே "நீங்கள்" ஆக்கிவிடுவார்.

தேன்மழை:
வகைச்சொல் பற்றி யாரும் சொல்லவில்லை.

மலைமுகில்:
காசியில் அன்றாடத்துக்கு இரண்டு போதும். ஆட்களுக்கு "ஙுத்", மற்றவைக்கு "தில்லி". "ஆர் ஙுத் கீ நொங்ஹிகாய்" இரண்டு ஆசிரியர்கள், "லாய் தில்லி கீ கோத்" மூன்று புத்தகங்கள். எண் இருந்தாலும் பன்மைக் குறி "கீ" விடுபடாது. ஒன்று மட்டும் விலக்கு: "உவேய் உ க்ஹின்னாஹ்", "கவேய் கா கோத்", பாலோடு வரும்.

பினாங்குச்செல்வி:
மலாயில் நேர் எதிர். எண் வந்தால் பன்மை இரட்டிப்பு வரக் கூடாது. "பூக்கு பூக்கு" புத்தகங்கள், ஆனால் "தீகா புவாஹ் பூக்கு". "தீகா புவாஹ் பூக்கு பூக்கு" தவறு. மூன்று புத்தகங்கள் என்று "கள்" போட்டுப் பழகிய நாம் இங்கே அடிக்கடி விழுவோம். வகைச்சொல்லும் அதிகம்: ஆளுக்கு ஓராங், விலங்குக்கு எக்கோர் (நேர்ப்பொருள் வால்), பெரிய பொருளுக்குப் புவாஹ் (பழம்), சின்ன உருண்டைக்கு பீஜி (விதை), நீண்டதற்கு பாத்தாங், மெல்லிய தாள், துணிக்கு ஹெலாய்.

ஒலியன்:
காசியை மிகவும் காசியாக்கும் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது, சுட்டுச்சொற்கள். மலாயில் ஈனி, ஈத்து இரண்டே, அதுவும் பெயருக்குப் பின்னால்: "ரூமாஹ் ஈனி". காசியில் பெயருக்கு முன்னால், ஆறு வகை. வீடு பெண்பால் என்பதால் "கா" உடன்:

கானே கா யிங், இந்த வீடு. காதோ கா யிங், உங்கள் பக்கம் இருக்கும் அந்த வீடு. காதாய், தூரத்தில் கண்ணுக்குத் தெரியும் வீடு. காதேய், மேலே இருக்கும் வீடு. காத்ஹியே, கீழே இருக்கும் வீடு. காதா, கண்ணுக்குத் தெரியாத, பேச்சில் மட்டும் வரும் வீடு.

ஏறுவதும் இறங்குவதுமே நடையாக இருக்கும் ஊரில் மேல், கீழ் சுட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. காதோ என்பதைப் புரிந்துகொள்ள யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்றும் வாழும் "உது, உவன்" என்பதை நினைத்தால் போதும். மலையில் கீழே நின்று உச்சியில் இருக்கும் வீட்டைக் காட்டி "காதாய் கா யிங்" என்றால் கேட்பவர் எதிர்மலையைத் தேடுவார். அங்கே சொல்ல வேண்டியது "காதேய் கா யிங்".